நாற்பத்தேழாம் மரம்

1983 மே மாதம் பன்னிரண்டாம் தேதி நியூ ஜெர்சியின் வடமேற்கு மேட்டுக் காட்டில், நாற்பத்தேழாம் எண் ஓக் மரத்தில் நவரத்தினம் பூசிய நீல வட்டம், அந்த மாதக் கடைசியில் கொழும்பு வெள்ளவத்தையில் அவருடைய தங்கை தவமணிதேவி வீட்டு கேட்டில் காணப்பட்டது. எண்ணும் கூடவே போயிருந்தது. காட்டு ஆய்வாளர்கள் மரத்தின் பருமனை அளப்பது தரையிலிருந்து நாலரை அடியில், நெஞ்சுயரத்தில். கேட்டிலும் அந்த உயரம் அரை அங்குலம்கூடப் பிசகவில்லை.

நவரத்தினம் வெஸ்ட் வின்ட்சரில் மனைவி பத்மராணியுடன் குடியிருந்தார். வாரத்தில் நான்கு நாள் எழுபது மைல் கார் ஓட்டிக் காட்டுக்குப் போவார். 1981இல் கம்பளிப்பூச்சிகள் அந்த மலைச்சரிவின் ஓக் இலைகளை ஒன்று விடாமல் தின்று தீர்த்த பிறகு, எந்த மரங்களை வைத்துக்கொண்டு எவற்றை அகற்றினால் காடு தேறும் என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. நெருக்கமாக நிற்கும் மரங்கள் ஒன்றின் வெளிச்சத்தை ஒன்று பறிக்கும். ஆகவே மெலிந்தது, கோணியது, சும்மா இடத்தை அடைப்பது எல்லாவற்றுக்கும் நீல வட்டம் போட்டு, எண் எழுதி, பட்டியல் தயாரித்துவிடுவார். அக்டோபரில் ஒப்பந்தக்காரர் வந்து வெட்டுவார். இதில் நவரத்தினம் எந்த மரத்துக்கும் இரண்டாம் முறை யோசித்தது கிடையாது. கெட்டிக்காரர்தான், அதை அவரும் கொஞ்சம் அதிகமாகவே நம்பினார். பள்ளிக்கூட ஹாலில் நடக்கும் பொங்கல் விழாவில்கூட யாரையாவது பிடித்து நிறுத்தி, "இடம் விட்டாத்தான் மரம் தேறும்" என்று விளக்குவார். அங்கே கூடும் தமிழர்கள் நாங்கள் எல்லோரும் தலையாட்டியிருக்கிறோம்.

ஜூன் நடுவில் தங்கையின் கடிதம் வந்தது. "அண்ணை, ஆரோ எங்கட கேற்றில நீல வட்டம் போட்டு 47 எண்டு எழுதியிருக்கினம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ச்சும் போகேல்லை. இவர் பச்சைப் பெயின்ற் ரெண்டு தரம் அடிச்சவர், அதுக்கு மேலாலயும் வந்திட்டுது." நவரத்தினம் காட்டுக்குப் போய்ப் பார்த்தார். நாற்பத்தேழின் பட்டை துடைத்து விட்டதுபோல் இருந்தது. வட்டம் மரத்துக்குத் திரும்பினால் கேட்டை விட்டுப் போய்விடும் என்று நினைத்து, மறுபடியும் பூசினார்.

"இஞ்சேருங்கோ, பேசாம அந்த மரத்தை லிஸ்ற்றில இருந்து எடுத்து விடுங்கோவன்" என்றாள் பத்மராணி.

"ஒண்டை எடுத்தா ரிசேர்ச் என்னெண்டு நிக்கும்?" என்றார் அவர்.

ஜூலை முதல் வாரக் கடிதத்தில் கேட்டில் இரண்டு வட்டங்கள். மரத்தின் பட்டை மறுபடியும் சுத்தமாகியிருந்தது. அவர் மூன்றாம் முறையும் பூசினார்.

ஜூலை இருபத்தைந்து, திங்கட்கிழமை, கொழும்பு எரிந்தது. பதினொரு நாள் தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் தவமணிதேவியின் பக்கத்து வீட்டுக்காரர் அரியரட்ணம், அகதி முகாமிலிருந்து வெளியே வந்து எப்படியோ ஒரு போனைப் பிடித்துப் பேசினார். "எரிக்க வந்தவங்களிட்ட தமிழ் ஆக்களின்ர வீட்டு லிஸ்ற் இருந்தது, தம்பி. ஆனா உங்கட தங்கச்சி வீட்டுக்கு அது தேவைப்படேல்லை. கேற்றைப் பார்த்தாங்கள், உள்ளுக்குப் போனாங்கள்." பிறகு, "ஒருத்தரும் வெளியில வரேல்லை" என்றார்.

தவமணிதேவியின் மூன்றாவது கடிதம் ஆகஸ்ட் பத்தாம் தேதி வந்து சேர்ந்தது. ஜூலை இருபதாம் தேதி எழுதியது. இப்போது மூன்று வட்டங்கள் என்றும், பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது, அண்ணை யோசிக்க வேண்டாம் என்றும் இருந்தது. நவரத்தினம் சமையலறையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். சொல்ல வேண்டியதைப் பத்மராணி ஜூனிலேயே சொல்லியிருந்தாள்.

அக்டோபரில் ஒப்பந்தக்காரர் நூற்றுப்பதின்மூன்று மரங்களை வெட்டினார். நாற்பத்தேழில் வட்டம் இல்லை, வட்டம் இல்லாத மரத்தை அவர் தொடுவதில்லை. சுற்றிலும் இடம் கிடைத்ததும் அது அடுத்த ஆண்டுகளில் மற்ற ஓக் மரங்களைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பருத்தது. ஆய்வு முழு வெற்றி. மேலதிகாரி நவரத்தினத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தக் கையை அவர் வீட்டுக்கு வந்து நெடுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

1989 வசந்தத்தில் வயது பார்ப்பதற்காக நாற்பத்தேழைத் துளைத்து, பென்சில் அளவு மரத்துண்டு ஒன்றை வெளியே எடுத்தார். ஆண்டுக்கு ஒரு வளையம்தான் இருக்க வேண்டும். 1983க்கு மட்டும் மூன்று இருந்தன. மூன்றும் நீலம், தொட்டால் விரலில் ஒட்டியது. நவரத்தினம் படிவத்தை எடுத்து, மரத்தின் வகை என்ற இடத்தில் தங்கையின் பெயரை எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் தட்டச்சு செய்த பெண்மணி ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அதை அப்படியே பதிந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று முதல் அந்தச் சரிவின் கணக்கெடுப்பில் சிவப்பு ஓக் அறுபத்தொன்று, வெள்ளை ஓக் முப்பத்தெட்டு, தவமணிதேவி ஒன்று என்று வருகிறது. பக்கத்தில் நிலை என்ற இடத்தில், உயிருடன் என்று போட்டிருக்கும்.