கையால் ஒரு கேள்வி

மான்சிக் அண்ணனுக்கும் சுன்யே அக்காவுக்கும் நான்தான் தொலைபேசி. கணவன் மனைவி இருவருக்குமே காது கேட்காது. கொரியாவிலிருந்து உலான்பாத்தருக்கு மிஷனரிகளாக வந்தவர்கள். பைபிள் கதைகளை எங்கள் மங்கோலிய சைகை மொழியில் படமெடுத்து, ஞாயிறு காலை ஒரு டிவி சேனலில் கால் மணி நேரம் போடுவார்கள். என் அப்பா அம்மாவுக்கும் காது கேட்காது, எனக்கு மட்டும் கேட்கும். அதனால் கட்டடக்காரரிடம் வெந்நீர்க் குழாய்க்காகச் சண்டை போடுவதும் சேனல்காரர்களிடம் கெஞ்சுவதும் என் பொறுப்பு. சத்தமில்லாத நிகழ்ச்சியை ஒளிபரப்ப முடியாது என்று சேனலில் சொல்லிவிட்டதால், கைகள் பேசுவதையெல்லாம் நான் குரலில் பேசிப் பதிவு செய்வேன். தாடிக்கார பேதுருவும் என் குரல்தான், கிணற்றடிப் பெண்ணும் என் குரல்தான்.

எங்கள் ஸ்டுடியோ ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். முன்பு ரொட்டிக்கடையாக இருந்தது. தரை மரப்பலகை என்பதால்தான் மான்சிக் அண்ணன் அந்த இடத்தைப் பிடித்தார். ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் காலால் தரையில் ஓங்கி ஒரு மிதி, அதிர்வு போய்ச் சேர்ந்துவிடும். இயக்கம் அவர், கேமரா அக்கா. நடிகர்கள் எல்லோரும் காது கேளாதவர்கள், வேறு வேலையிலிருந்து வந்து போகிறவர்கள். லுவ்சான் அண்ணன் சந்தைக்குப் பக்கத்தில் பூட்ஸ் தைத்துக் கொடுப்பவர். எர்தெனே கார் கழுவுமிடத்தில் வேலை பார்ப்பவன். எர்தெனேதான் எப்போதும் இயேசு. "முடி நீளமா வளத்திருக்கான், வேற என்ன தகுதி?" என்பார் லுவ்சான் அண்ணன். சொன்னார், கேட்டார் என்று நான் எழுதுவதெல்லாம் கையால் சொன்னதும் கேட்டதும்தான்.

அந்தக் குளிர்காலத்தில் கொரியாவில் அவர்களை அனுப்பிய சபையிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்தது. காது கேளாத ஒருவனை இயேசு குணமாக்கும் கதை இருக்கிறதே, அதை ஏன் இன்னும் எடுக்கவில்லை, உங்கள் வேலைக்கு அதைவிடப் பொருத்தமான கதை உண்டா என்று கேட்டிருந்தார்கள். மான்சிக் அண்ணன் அதைப் படித்துவிட்டு இரண்டு வாரம் அதைப் பற்றி வாயும் திறக்கவில்லை, கையும் அசைக்கவில்லை. பிறகு ஒருநாள் காலை, எல்லோரும் உப்புப் பால் டீயைக் குடித்துக்கொண்டு குளிர் விடட்டும் என்று உட்கார்ந்திருந்தபோது, "இன்னிக்கு அதை எடுக்கறோம்" என்றார்.

யார் காது கேளாதவன் என்று கேட்காமலே எல்லோரும் லுவ்சான் அண்ணனைப் பார்த்தார்கள். கதையை நான் சைகையில் சொன்னேன். ஊரார் அவனை இயேசுவிடம் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர் அவனைக் கூட்டத்திலிருந்து தள்ளி அழைத்துப் போகிறார். காதுகளில் விரலை வைக்கிறார், உமிழ்ந்து அவன் நாக்கைத் தொடுகிறார், வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார், 'திறக்கப்படு' என்கிறார். அவனுக்குக் காது கேட்கிறது, பேச்சு வருகிறது.

"உமிழ்ந்தா?" என்றார் லுவ்சான் அண்ணன்.

"ஆமாண்ணே."

"இவன் எச்சியையா நான் நாக்குல வாங்கணும்? காலையில பூண்டு தின்னுட்டு வந்திருக்கான், இங்கேயே வீசுது."

எர்தெனே தன் வாயை அவர் மூக்கருகே கொண்டுபோய் ஊதிக் காட்டினான். எல்லோரும் சிரித்தோம். லுவ்சான் அண்ணன் மட்டும் சீக்கிரம் சிரிப்பை விட்டுவிட்டார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டார். அவர் நீளமாகப் பேசப்போகிறார் என்பதற்கு அது அடையாளம்.

"கடைசியில நான் துள்ளிக் குதிக்கணும், இல்ல? காது கேக்குது, காது கேக்குதுன்னு. அதை டிவியில எங்க பக்கத்து வீட்டுக்காரி பாப்பா. பாத்துட்டு, 'ஏன்யா, நீதான் சாமி படத்துல நடிக்கற, உனக்கு ஏன் இன்னும் கேக்கல? உன் நம்பிக்கை பத்தலையா?'ன்னு கேப்பா. என் பொண்ணுக்கும் காது கேக்காது. அவளும் பாப்பா. அவகிட்ட நான் என்ன சொல்றது? நீ சரியில்லாத பொருள், சரி பண்ண ஆள் வரலைன்னா?"

"இது கதையில இருக்கு, லுவ்சான்" என்றாள் சுன்யே அக்கா.

"இருக்கட்டும். கொரியாக்காரங்களே நடிக்கட்டும். நான் நொண்டி வேணா ஆடறேன், குருடன் வேணா ஆடறேன். இது வேணாம்."

மான்சிக் அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் விளக்குக் கம்பங்களின் பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"நானும் இத்தனை வருஷமா இதைத் தாண்டித்தான் போனேன்" என்றார். "சின்னப் பையனா இருந்தப்ப எங்கம்மா என்னை மலைமேல இருக்கற ஜெபவீடுகளுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. ஒண்ணு விட்டா இன்னொண்ணு. மேடையில ஏத்துவாங்க. ஒரு ஆள் என் காதுக்குள்ள விரலை விட்டு அழுத்திட்டு, வாயைப் பெருசா திறந்து கத்துவான். எனக்கு அவன் பல்லுதான் தெரியும். அப்புறம் என் பின்னாடி நின்னு கையைத் தட்டுவாங்க. நான் திரும்பினா கூட்டம் முழுக்கக் கையைத் தூக்கும். எங்கம்மா அழுவாங்க, சந்தோஷத்துல. கொஞ்ச நாள்ல நான் கத்துக்கிட்டேன். யாராவது பின்னாடி வந்தா தரை லேசா அதிரும். அதிர்ந்தா திரும்பிடுவேன். எங்கம்மா சந்தோஷமா இருக்கட்டுமேன்னு."

சுன்யே அக்காவுக்குக்கூட இது முழுதாகத் தெரியாது என்று அவள் முகத்திலிருந்து புரிந்தது.

"அப்ப எதுக்கு இதை எடுக்கணும்?" என்றார் லுவ்சான் அண்ணன். இந்தமுறை அவர் கைகள் மெதுவாகத்தான் கேட்டன.

"நாம விட்டுட்டா அந்த மேடைக்காரங்க மட்டும்தான் இந்தக் கதையைச் சொல்லிட்டிருப்பாங்க. எப்படி எடுக்கறதுன்னு எனக்குத் தெரியல. கேமரா இல்லாம சும்மா ஒரு தடவை நடிச்சுப் பாப்போம். பிடிக்கலைன்னா விட்டுருவோம். சத்தியமா விட்டுருவோம்."

லுவ்சான் அண்ணன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். எங்கள் ஆட்களில் முணுமுணுப்பது என்றால் கையை இடுப்புக்குக் கீழே வைத்து விரலை மட்டும் ஆட்டுவது. மற்றவர்கள் கூட்டமாகச் சூழ்ந்து நின்றார்கள். அவரைத் தள்ளிக்கொண்டு வந்து எர்தெனேயின் முன்னால் நிறுத்தினார்கள்.

எர்தெனே அவருடைய சட்டைக் கையைப் பிடித்து, விளக்குகளைத் தாண்டி, ரொட்டிக்கடையின் பழைய அடுப்பு இருந்த மூலைக்கு அழைத்துப் போனான். எங்களுக்கு முதுகு காட்டி நின்றான். கூட்டத்துக்கு எதுவும் தெரியவில்லை. நான் பக்கவாட்டில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது. சுன்யே அக்காவும் என் பக்கம் நகர்ந்து வந்தாள். மான்சிக் அண்ணன் அவளுக்குப் பின்னால்.

எர்தெனே விரல்களை லுவ்சான் அண்ணனின் காதருகே கொண்டுபோனான். மான்சிக் அண்ணனின் தோள் சட்டென்று சுருங்கியதைப் பார்த்தேன். ஆனால் எர்தெனே அழுத்தவில்லை. தொட்டான், அவ்வளவுதான். தொட்டுவிட்டு லுவ்சானின் முகத்தைப் பார்த்தான். நாக்கைத் தொட்டான். மறுபடியும் முகத்தைப் பார்த்தான். பிறகு கண்ணை மேலே உயர்த்தி, நெஞ்சு எழுந்து இறங்க ஒரு மூச்சு விட்டான்.

லுவ்சான் அண்ணன் அசையாமல் நிற்க வேண்டும். அவரோ தலையை ஆட்டிக் கையைத் தூக்கினார். "ஆமா, காது. சின்ன வயசுலேருந்தே. ஆமா, பேச்சும்தான்."

சுன்யே அக்கா தரையில் ஒரு மிதி மிதித்தாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"லுவ்சான், நீ என்ன சொன்னே இப்ப?"

"மன்னிச்சுக்கோ. நிக்கத்தான் சொன்னீங்க. இவன் கேட்டான், நான் பதில் சொல்லிட்டேன்."

"நான் எங்கே கேட்டேன்?" என்றான் எர்தெனே.

"கேட்டியே. காதான்னு கேட்டே. பேச்சுமான்னு கேட்டே. அப்புறம் ஐயோ பாவம்னு மேல பாத்தே. தெருவுல வழி கேக்கறவனுக்குக்கூட இவ்வளவு தெளிவா கை பேசாது."

மான்சிக் அண்ணன் என்னிடமிருந்த பைபிளை வாங்கிக்கொண்டு விளக்கருகே போனார். அந்த வரிகளை விரலால் தடவித் தடவிப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"கைதான்" என்றார். "குரலெல்லாம் கடைசியிலதான் வருது. அதுக்கு முன்னாடி முழுக்கக் கைதான். கூட்டிட்டு வந்தவங்க அவங்களாவே கேட்டுக்கறாங்க, 'இவனை சரி பண்ணு'ன்னு. அவன்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. இயேசு அவனைத் தனியா கூட்டிட்டுப் போய், அவனுக்குப் புரியற மாதிரி, அவன்கிட்டயே கேக்கறார்." கொஞ்சம் நிறுத்தி, "தனியா" என்று மறுபடி சொன்னார். மேடையில் நின்ற அந்தப் பையனை நினைத்துச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சுன்யே அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

லுவ்சான் அண்ணன் ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "துள்ளிக் குதிக்க மாட்டேன். காது கேட்டா எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. தங்கச்சி, நீ சொல்லு. சத்தம் வந்தா மூஞ்சி என்ன பண்ணும்?"

நான் யோசித்தேன். எங்கள் வீட்டில் யாரும் பாத்திரத்தை மெதுவாக வைத்ததில்லை. அம்மா கதவைச் சாத்தினால் மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வருவார்கள். "முதல்ல பயமா இருக்கும்ணே" என்றேன். "அப்புறம் தெரிஞ்ச மூஞ்சி எங்கேன்னு தேடும்."

அதையே அவர் நடித்தார். 'திறக்கப்படு' என்ற சைகை முடிந்ததும் அவர் உடம்பு ஒருமுறை உதறிக்கொண்டது. இரண்டு கையாலும் காதைப் பொத்தினார். பிறகு, கண் எர்தெனேயின் கைகளைத் தேடிப் போனது. அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். சுன்யே அக்கா கேமராவை நிறுத்தாமல் வைத்திருந்தாள்.

குரல் பதிவு செய்ய உட்கார்ந்தபோது எனக்குத்தான் திண்டாட்டம். ஊராரின் பேச்சையெல்லாம் பேசினேன். எர்தெனே அவரை மூலைக்கு அழைத்துப்போன இடத்தில் வாய் வரவில்லை. தனியாகப் பேசுவதை நான் கூட்டத்துக்கு எப்படிக் கத்திச் சொல்வது? அந்தப் பகுதி முழுக்கப் பேசாமல் இருந்துவிட்டேன். மான்சிக் அண்ணனிடம் சொன்னேன். "கேக்கறவங்களும் கொஞ்ச நேரம் கையைப் பாக்கட்டும்" என்றார்.

ஞாயிறு காலை ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கும்போதே சேனலிலிருந்து அழைப்பு.

"உங்க சவுண்ட் போயிடுச்சு, மேடம்."

"போகல. அப்படித்தான்."

"அப்படித்தான்னா? ஜனங்க டிவி கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க."

"தட்டிப் பாக்கட்டும்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வந்தது. அதற்குள் சத்தமும் வந்துவிட்டது.

அம்மா நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்தாள். அவள் புத்தருக்கு விளக்கேற்றுகிறவள், என் வேலையைப் பற்றி அதிகம் கேட்பதில்லை. அன்று பார்த்து முடித்ததும் பூஸ் என்ற இறைச்சிக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்த மாவுக் கையோடு கேட்டாள்: "அந்த நீளமுடிக்காரன் யாரு? நல்லா பேசறான். அவசரப்படாம பேசறான். கல்யாணம் ஆயிடுச்சா?"

"அம்மா, அது இயேசு."

"அது தெரியும். பையன் யாருன்னு கேக்கறேன்."

லுவ்சான் அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரி அவர் பயந்தபடியே கேட்டாளாம். "எல்லாருக்கும் காது சரியாகணும்னு இல்ல, எல்லார்கிட்டயும் யாராவது கேக்கணும்" என்று எழுதிக் காட்டினாராம். அவளுக்குப் புரியவில்லையாம். பரவாயில்லை, மகளுக்குப் புரிந்தது என்றார். அந்தப் பெண் பள்ளியில் அந்தக் காட்சியை நடித்துக் காட்டினாளாம், இரண்டு வேடத்தையும் அவளே.

சபைக்கு அனுப்பினோம். அவர்கள் நன்றி சொல்லி, முடிவில் இன்னும் கொஞ்சம் மகிழ்ச்சி இருந்திருக்கலாம் என்று எழுதினார்கள். மான்சிக் அண்ணன் அதற்குப் பதில் போடவில்லை. ஆனால் படத்தைத் தன் அம்மாவுக்கும் அனுப்பியிருந்தார். அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. சைகை மொழி ஒரு எழுத்தும் தெரியாது. மகனோடு போனில் தட்டச்சுதான், அதுவும் ஒரு வரிக்கு அரை நாள் ஆகும்.

பதில் வந்தபோது நான் ஸ்டுடியோவில் இருந்தேன். அவர் படித்துவிட்டுப் போனை என்னிடமும் அக்காவிடமும் காட்டினார். எனக்குக் கொரிய மொழி தெரியாது. அக்கா கையால் சொன்னாள்.

"அப்ப மேடையில உன் காதுக்குள்ள விரல் விட்டாங்களே, வலிச்சுதா?"

அவர் எழுதினார்: "வலிச்சுதும்மா. மலையிலேருந்து இறங்கி வர்றப்ப நீங்க ஆரஞ்சு உரிச்சுக் குடுப்பீங்க. அது நல்லா இருந்துச்சு."

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. நாங்கள் அடுத்த படத்துக்கான துணிகளை மடித்து வைத்தோம். பிறகு போன் அதிர்ந்தது.

"நான் இன்னமும் உன் காதுக்காக ஜெபம் பண்றேன். நிறுத்த முடியல. கோவிச்சுக்காதே."

சுன்யே அக்கா கணவனின் முகத்தையே பார்த்தாள். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"பண்ணட்டும்" என்றார் எங்களிடம். "அவங்களுக்குத் தெரிஞ்ச பாஷை அதுதான்."

பிறகு பெட்டிமேல் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாக அம்மாவுக்குப் பதில் தட்ட ஆரம்பித்தார். என்ன எழுதினார் என்று அக்கா எட்டிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.