தடைக்காலத்தில் நிறுத்தியது

என்னைப் போல ஒரு சோம்பேறியை மண்டபம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. படகுச் சங்கத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பது என் வேலை. கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்கும் காலையில் டோக்கன் போட்டு, ஆட்களின் பெயரைப் பதிவேன். அந்தப் பதிவு ராமநாதபுரத்தில் இருக்கும் இன்னொரு சர்வருக்கும் உடனுக்குடன் போய்விடும். திரையில் இரண்டு பெட்டிகள், நடுவே ஓர் அம்புக்குறி. இங்குள்ளது படுத்துக்கொண்டால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அங்குள்ளது வேலையை எடுத்துக்கொள்ளும்.

ஏப்ரலில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. படகே போகாதபோது எதை அனுப்புவது என்று அம்புக்குறியை நிறுத்தினேன். மஞ்சள் எச்சரிக்கை நச்சரித்தது. எரிச்சலில் அதன் வாயையும் அடைத்தேன். ஜூனில் படகுகள் கிளம்பின. அம்புக்குறியை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

மூன்றாம் நாள் மதியம் இங்குள்ள சர்வர் படுத்துவிட்டது. கெத்தாகப் பொத்தானை அழுத்தினேன். பச்சை டிக் விழுந்தது. அரை மணி நேரத்தில் கடலில் வேறொரு படகிலிருந்து சதக் அண்ணன் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார். செபஸ்தியானின் படகு கவிழ்ந்து கிடந்ததை அவர்தான் பார்த்திருக்கிறார்.

"நாலு பேர ஏத்திட்டோம். ஒருத்தருக்கும் பேச்சு வரல. மொத்தம் எத்தன பேரும்மா?"

திரையைப் பார்த்தேன். "நாலு பேர்தாண்ணே."

"சரி, கரைக்கு வாரேன்."

நான் பார்த்தது, அம்புக்குறியை நிறுத்தியபோது ராமநாதபுரத்தில் தங்கிப்போன ஏப்ரல் மாதத்துப் பட்டியல். ஆனால் அன்று காலை அந்தப் படகுக்கு ஐந்தாவதாக ரூபஸின் பெயரைத் தட்டியதும் இதே கைதான். முந்நூறு பெயர்களில் அது எனக்கு நினைவில்லை.

கரையில் இறங்கியதும் செபஸ்தியான் கண்விழித்து, "ரூபஸ் எங்க?" என்று கேட்டார். சதக் அண்ணன் உடனே படகைத் திருப்பினார். சாயங்காலம் டீசல் கேனைப் பிடித்தபடி மிதந்த ரூபஸை உயிரோடு தூக்கி வந்தார்.

மறுநாள் ரூபஸின் மனைவி லீமாரோஸ் சங்கத்துக்கு வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ஃபஸீலாக்கா, நீங்க பேர எழுதி வச்சிருக்கப்போய்த்தான் திரும்பப் போய்த் தேடுனாங்க. நீங்க நல்லா இருக்கணும்."

பக்கத்தில் சதக் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவள் பிடித்திருந்த கை எனக்குக் கூசியது.

"இல்ல லீமா. நாலு பேர்னு சொல்லி அண்ணன் படகக் கரைக்கு வர வச்சதே நான்தான். கம்ப்யூட்டர்ல ரூபஸ் பேரு இல்ல. என் தப்பு."

அவள் கையை விடவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"ஒரு படகு ஆளுகள ஏத்திட்டுத் திரும்பிப் போனதப் பாத்தேன், கத்துனேன்னு அவுக ராத்திரியெல்லாம் சொன்னாக. மயக்கத்துல அப்படித் தோணியிருக்கும்னு நான்தான் சமாதானம் சொன்னேன். அப்ப அது நெசந்தானாக்கா?"

ஆமாம் என்றேன்.