கேமரா இல்லாத பக்கம்

"பெரியவர் வந்துட்டா சின்னவர் ஒதுங்கிடுவார். காட்டுல அவ்வளவுதான் சட்டம்."

"ஒதுங்கி எங்க போவாருங்க?"

"இடம் கிடைக்கிற பக்கம். ஏன், நீ வீடு பார்த்துக் குடுக்கப் போறியா?"

போன மாதம் சாப்பிடும்போது கணவன் சொல்லிச் சிரித்தது. பெரியவர், ஓடைக்கரைக்குப் புதிதாக வந்த ஆண் புலி. சின்னவர், அதுவரை அங்கே மான் பிடித்துத் தின்ற சிறுத்தை. விலங்குகளைப் படம்பிடிக்கக் காட்டில் கட்டிய கேமராக்களின் மெமரி கார்டுகளைக் கொண்டுவருவது அவன் வேலை. வனத்துறைக் குடியிருப்பை ஒட்டிய அலுவலகத்தில் அந்தப் படங்களை விலங்கு வாரியாகப் பிரிப்பது அவள் வேலை. புலி வந்த பிறகு எந்தப் படத்திலும் சிறுத்தை இல்லை. தொலைவுக்குப் போயிருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். வீடுகள் இருக்கும் பக்கம் கேமராவே கட்டியதில்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழுது பார்த்த கேமரா ஒன்றை, சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, நேற்று வீட்டுத் துணிக்கொடிக் கம்பத்தில் கட்டியிருந்தாள். இப்போது அதன் படங்களைத் திறந்தாள். முதலில் காற்றில் ஆடும் அவளுடைய துண்டு. அடுத்து, காலையில் பையோடு கிளம்பும் கணவனின் முதுகு. அதற்கடுத்த படத்தில், அதே ஒற்றையடிப் பாதையில், தலையைத் தாழ்த்தியபடி சிறுத்தை.

ஜன்னல் வழியே பார்த்தாள். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் புதர் அசைந்தது. காற்று இல்லை. அவன் திரும்பி வரும் வழியும் அதுதான்.

வயர்லெஸ்ஸை எடுத்தாள்.

"என்னங்க, எங்க இருக்கீங்க?"

"வளைவுகிட்ட வந்துட்டேன். வயர்லெஸ்ல ஊரே கேக்குது, மெதுவா கொஞ்சு."

"அங்கயே நில்லுங்க! சின்னவர் நம்ம தொட்டிப் பின்னாடி இருக்கார். காலையில உங்க பின்னாலயே வந்திருக்கார்."

வயர்லெஸ்ஸில் வெறும் இரைச்சல். புதருக்கு மேலே இரண்டு காதுகள் எழுந்து, பாதைப் பக்கம் திரும்பின.

"அக்கா, பயப்படாதீங்க. நான் போய் அண்ணனை ஏத்திக்கிறேன்." ஜீப் டிரைவரின் குரல். எங்கோ இன்ஜின் உறுமியது. அவள் புதரையே பார்த்தாள்.

"ஜீப்ல ஏறிட்டேம்மா," என்றான் கணவன். குரலில் கேலி இல்லை. "அவரும் பாவம். ஓடைக்கரையிலிருந்து பெரியவர் துரத்தினா வேற எங்க போவார்?"

காடு என்றால் அவனுக்கு உயிர். அதனாலேயே கல்யாணமான நாள் முதல் தொண்டை வரை வந்ததை அவள் மென்று விழுங்கியிருந்தாள். இன்று யார் கேட்டால் என்ன? பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

"நாம ஒதுங்கிக்கலாங்க. எனக்குப் பயமா இருக்கு. இங்கிருந்து போயிடலாம்."