நனையாத கல்

காலையிலிருந்து எத்தனை தடவை ஜன்னலுக்குப் போனேனோ, கணக்கில்லை. தெற்கே மேகம் கறுத்துக்கொண்டே வந்தது. எங்கள் சாக்கோ மாகாணத்தில் தெற்குக் காற்று கிளம்பினால் மழை பெய்யாமல் போகாது.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ருஃபீனோவின் ஆட்டுப்பட்டி ஓரத்தில் முந்தாநாள் வானத்திலிருந்து ஒரு கல் விழுந்திருந்தது. ஒரு மழை நனைத்தால் அதிலுள்ள உப்பு கரைந்துவிடும். அப்புறம் ஆராய்ச்சிக்குப் பாதிதான் உதவும். விழுந்த கல் மாகாணத்தின் சொத்து, நிபுணர் வராமல் யாரும் தொடக்கூடாது என்பது சட்டம். நிபுணர் வர டீசல் வேண்டும். டீசலுக்கு நிதி அடுத்த மாதம்தான். நானோ விண்கல் பதிவு அலுவலகத்தில் ஃபோன் எடுக்கும் குமாஸ்தா.

நேற்று ருஃபீனோ கூப்பிட்டிருந்தார்.

"கல்ல எடுத்து வீட்டுக்குள்ள வச்சிரட்டா மேடம்?"

"தொட்டுராதீங்கண்ணே. அது இருந்த எடத்துலயே இருக்கணும். தொட்டா ஜெயிலு."

ஜெயில் என்றது என் அவசரப் புத்தி. மூடி வையுங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. இன்று அவர் ஃபோன் கிடைக்கவே இல்லை. அலுவலக இயக்குநரிடம் போய் நின்றேன்.

"அதுக்கு நான் என்ன, நிபுணரைத் தோள்ல தூக்கிட்டுப் போகவா?" என்று மாத்தே டீயை உறிஞ்சினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலமாரியிலிருந்த அலுமினியத் தாளை எடுத்துக்கொண்டு விறகு லாரியில் ஏறினேன். பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. லாரி ஊர்ந்தது. என் வாயை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

பட்டி ஓரத்தில் நாலு கம்பு, மேலே நாலு தகரம். அடியில் கல் பொட்டு ஈரமில்லாமல் கிடந்தது. ருஃபீனோ தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு மழையில் காவல் நின்றார். பின்னால் அவர் வீட்டுக் கூரையில் பாதியைக் காணோம். உள்ளே அவர் மனைவி ஓத்திலியா நனைந்த மெத்தையை மேசைமேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"கல்ல நகத்தல மேடம். கூரையத்தான் நகத்தினேன்," என்றார் ருஃபீனோ.

"ஜெயில்லயாச்சும் ஒழுகாது, போயிரலாம்னேன். கேக்கலயே இந்த மனுசன்," என்றாள் ஓத்திலியா. பிறகு என்னைப் பார்த்து, "எப்ப எடுப்பீங்க?"

அடுத்த மாதம் என்பது வாய்வரை வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. தகரத்துக்கு அடியில் குனிந்து, கல்லைத் தாளில் சுற்றி எடுத்தேன்.

ருஃபீனோ பதறினார். "மேடம், ஜெயிலு..."

"அது எனக்கு. நீங்க தகரத்தப் பிரிங்கண்ணே."