ஒன்பது நிமிடம், காரணம் கூறவும்

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு போராட்டம் நடத்தக்கூடத் துப்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்கிற அரசு அலுவலகம். கண்காணிப்பாளரை விட்டுவிட்டால் பதினோரு பேர். நான் தட்டச்சர்.

கண்காணிப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரம். மாற்றலாகி வந்த மூன்றாம் வாரமே கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து ஒரு நோட்டைத் தொங்கவிட்டார். பெயர், போன நேரம், வந்த நேரம், காரணம். கழிப்பறைக்குப் போக என்ன காரணத்தை எழுதுவது? ஃபைல் பிரிவு அண்ணன் முதல் நாள் ‘இயற்கை’ என்று எழுதினார். ‘தெளிவாக எழுதவும்’ என்று பக்கத்தில் சிவப்பு மையில் குறிப்பு வந்தது.

கவுண்டர் அக்காவுக்குச் சர்க்கரை நோய். காலையிலேயே மூன்று நான்கு தடவை எழுந்து போக வேண்டியிருக்கும். இருபத்தெட்டு வருடமாக அந்த ஜன்னலில் உட்காருகிறவர். குழந்தை பிறந்த பூரிப்பில் வருகிறவரிடமும், அப்பாவைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவரிடமும் எப்படிப் பேச வேண்டுமென்று அவருக்குத் தெரியும். ஒரு திங்கட்கிழமை, வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது, கடிகாரம் அந்த நோட்டோடு கவுண்டருக்கு வந்து சத்தமாக வாசித்தார்.

“பத்து நாப்பதுக்கு ஆறு நிமிஷம். பதினொண்ணு பத்துக்கு ஒம்பது நிமிஷம். உள்ள போய் அப்படி என்னம்மா பண்றீங்க? இவ்வளவு பேர் நிக்கிறாங்கல்ல?”

வரிசையில் சிலர் சிரித்தார்கள். அக்கா குனிந்த தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். மறுநாளிலிருந்து தினமும் மாலை வரை ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. வியாழக்கிழமை மயங்கி விழுந்தார். வெள்ளிக்கிழமை என் மேசைக்கு வந்து, “எனக்கு விருப்ப ஓய்வு லெட்டர் ஒண்ணு அடிச்சுக் குடும்மா. இனிமே என்னால அந்த ஜன்னல்ல உக்கார முடியாது. பாக்குறவங்க எல்லாம் என் நிமிஷத்தை எண்ணுற மாதிரியே இருக்கு” என்றார்.

“அதெல்லாம் அடிக்க மாட்டேன்க்கா. அந்த ஆள் மேல புகார் அடிக்கிறேன், பாருங்க” என்றேன்.

அடித்தேன். மாடியில் இருக்கும் இயக்குநர் அம்மாவுக்கு, பதினோரு பேரின் பெயரில், ஒரே பக்கம். முதல் கையெழுத்து யார் போடுவது என்பதிலேயே ஒரு மதிய இடைவேளை போயிற்று. கடைசியில் முதலும் முடிவும் தெரியாதபடி வட்டமாகக் கையெழுத்துப் போட்டார்கள். கறுப்பு பேட்ஜ் குத்தலாம் என்றால், ஊசி குத்தினால் புதுச் சட்டை ஓட்டையாகுமே என்று ஒருவர் கவலைப்பட்டார்; ஒருவழியாகக் குத்திக்கொண்டார்கள். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

இதற்கே இப்படி என்றால், தபால் பிரிவுக்காரர் செய்ததை எங்கே போய்ச் சொல்ல? மனுவை மாடியில் கொடுங்கள் என்று அவரிடம் தந்தேன். அவர் முத்திரை குத்தி, எண் போட்டு, கடிகாரத்தின் மேசைக்குப் போகும் தபால் கட்டுக்குள் வைத்துவிட்டார்.

“யார் மேல புகாரோ அவர்கிட்டயேவா குடுப்பீங்க?”

“மேல போற எந்தத் தபாலும் உரிய வழியாத்தான் போகணும்மா. கண்காணிப்பாளர் பாக்காம அனுப்பினா எனக்கு மெமோ வரும்.”

“அவரைப் பத்தின புகாருங்க அது!”

“அதுக்குன்னு தனி விதி எதுவும் இல்லையே.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் கடிகாரமும் இதே குட்டையில் ஊறிய மட்டைதான். மனு கைக்கு வந்த நேரத்தை மூலையில் எழுதினார். கீழே, ‘கூறப்பட்டவை அனைத்தும் உண்மை. ஆதாரமாக நோட்டு இணைக்கப்பட்டுள்ளது’ என்று குறிப்பெழுதி, நோட்டையும் சேர்த்துக் கட்டி மாடிக்கு அனுப்பினார். பாராட்டுக் கடிதம் வருமென்று நினைத்திருப்பார் போல.

மறுநாள் இயக்குநர் எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார். அழைப்பு வந்ததுமே பேட்ஜுகள் சட்டைப்பைக்குள் போயின. ஒன்பது பேருக்கும் திடீரென்று தலை போகிற வேலை வந்துவிட்டது. அக்காவும் நானும்தான் மாடி ஏறினோம். கடிகாரம் எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார்.

இயக்குநர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “என்னங்க இது?”

“அலுவலக ஒழுங்கு, மேடம்.”

“இதுல உங்க பேர் ஒரு இடத்துலகூட இல்லையே. ரெண்டு மாசமா நீங்க போகவே இல்லையா?”

கடிகாரம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இன்னையோட இதை நிறுத்துங்க. இந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்க.”

“மனசு வருத்தப்பட்டிருந்தா ஸாரி” என்றார் கடிகாரம், சுவரைப் பார்த்து.

“பரவாயில்ல சார்” என்றார் அக்கா.

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை கூத்தும் இந்தப் பரவாயில்லைக்குத்தானா? எந்த அதிகாரி எது சொன்னாலும் அதையே சொல்லிப் பழகிய வாய், இப்போதும் முந்திக்கொண்டது. இயக்குநர் பேனாவைத் திறந்து, மனுவின் மேல் ‘முடித்து வைக்கப்பட்டது’ என்று எழுதப் போனார்.

“இருங்க மேடம்” என்றார் அக்கா. “பழக்க தோஷத்துல சொல்லிட்டேன். பரவாயில்லாம இல்ல.” கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நான் அடிக்க மறுத்த ஓய்வுக் கடிதத்தைக் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். “முப்பது பேர் கேக்கத்தான் என் நிமிஷத்தை வாசிச்சாரு. மன்னிப்பையும் அங்க வந்து கேக்கட்டும். இங்க நாலு சுவத்துக்குள்ள கேட்டா நான் எப்படித் திரும்பப் போய் அந்த ஜன்னல்ல உக்காருவேன்? முடியாதுன்னா இதை வாங்கிக்குங்க.”

இயக்குநர் பேனாவை மூடினார். “போங்க சார்” என்றார்.

கீழே வரிசை கதவு வரை நின்றது. என்னோடு கையெழுத்துப் போட்ட ஒன்பது வீரர்களும் ஃபைலுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள். கடிகாரம் கவுண்டருக்கு முன்னால் போய் நின்று வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

“என்ன சார் சொல்றீங்க? ஒண்ணும் கேக்கல” என்றாள் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண். “சத்தமா சொல்லுங்க.”

“அன்னைக்கு இந்தம்மாவை எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினது என் தப்பு. மன்னிச்சிருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடிகாரம் பதிலுக்காகக் காத்து நின்றார். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், வரிசை மறையுது” என்றார். “அடுத்தது யாரு? வாங்க.”