கருப்பன் என்றொரு வெள்ளைக் குதிரை

பெண் பார்க்க வந்த அன்று, லோகப்பிரியாவின் வகிட்டோரத்து நரை மதன்குமாரின் கண்ணில் பட்டுவிட்டது. கேசரியை மென்றுகொண்டே, "பொண்ணக் காட்டச் சொன்னா, அம்மாளக் கூட்டியாந்து நிறுத்திப்போட்டீங்களே" என்றான். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்தப் பேச்சு வெள்ளகோவில் முழுக்கப் பரவியது; அதன்பின் யாரும் பெண் கேட்டு வரவில்லை.

1992 ஆடியில், அந்தியூர்க் குதிரைச் சந்தைக்கு அதே மதன்குமார் வந்தான். அவள் அப்பா கந்தப்பன், தன் வெள்ளைப் பெட்டைக் குதிரையையும் அதன் குட்டியையும் அங்கே கட்டியிருந்தார்; லோகப்பிரியாவும் கூட இருந்தாள். குட்டி மை மாதிரிக் கருப்பு. கண்ணைச் சுற்றி மட்டும் சில வெள்ளை முடிகள். அதன் அர்த்தம் லோகப்பிரியாவுக்குத் தெரியும். தாய்க்குதிரையும் கருப்பாகப் பிறந்து, வளர வளர வெளுத்ததுதான். முளைத்த முடி வெளுப்பதில்லை. வேரில் நிறம் ஊறுவது நின்றபின் முளைப்பதுதான் வெள்ளையாக வரும். அது பரம்பரையாக வருவது, கந்தப்பனின் இளநரை அவளுக்கு வந்தது போல.

"இதுதான் வேணுமுங்க. அவிநாசியில யாருகிட்டயும் இப்பிடிக் கருப்பு இல்ல" என்றான் மதன்குமார்.

குறையை மறைத்து விற்று அறியாதவர் கந்தப்பன். "தம்பி, ஒண்ணு சொல்லிப்போடறனுங்க, இந்தக் குட்டி..."

லோகப்பிரியா அப்பாவின் வாயையே பார்த்தாள். அப்பா சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

மதன்குமார் அவள் பக்கம் திரும்பினான். "அம்மணிக்கு இன்னும் கல்யாணம் ஆகலீங்களா? அதுக்குள்ள முழுசா வெளுத்துருமாட்ட இருக்குதுங்களே." பிறகு கந்தப்பனிடம், "என்னமோ சொல்ல வந்தீங்களே?"

கந்தப்பன் மகளின் முகத்தைப் பார்த்தார். "ஒண்ணுமில்லீங்க. நல்ல குட்டி." கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டார்.

கருப்பன் என்று பேர் வைத்து, ஊர்கோலம் விட்டானாம். அப்புறம் சாம்பல் நிறமானதாம், புள்ளி விழுந்ததாம். ஒவ்வொரு சேதியையும் லோகப்பிரியா இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

1998 ஆடியில், அதே சந்தையில் கந்தப்பன் தாய்க்குதிரையைக் கட்டியிருந்த இடத்துக்கு, பால்வெள்ளைக் குதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்து நின்றான் மதன்குமார்.

"சாயம் பூசி ஏமாத்திப்போட்டீங்க. மரியாதையாத் திருப்பி எடுத்துக்கங்க."

"சாயமெல்லாம் பூசலீங்க" என்றாள் லோகப்பிரியா. "அன்னைக்கு இதோட அம்மா பக்கத்துலயேதான் நின்னுச்சு. எங்க ஊட்டுல மட்டும் பொண்ணுகிட்ட அம்மாளப் பாத்தீங்க. இங்க ஏனுங்க பாக்கல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நரைச்சா வேண்டாங்கறது உங்க ஊட்டுப் பழக்கமுங்க. இந்த ஒண்ணையாச்சும் நீங்களே வெச்சுக் காப்பாத்துங்க" என்றாள்.

அவன் கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். குதிரை தாயின் கழுத்தை மோந்துகொண்டு, நகர மறுத்தது.

"பேரு சொல்லிக் கூப்புடுங்க, வரும்" என்றார் கூட்டத்தில் ஒருவர். "பேரு என்னங்க?"

அவனே சொல்லட்டும் என்று லோகப்பிரியா காத்திருந்தாள்.