டிரிப்சின் ஊற்றாத தட்டு

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை 2009இல், பன்றிக் காய்ச்சல் பரவியபோது, தவளக்குப்பத்தில் இலவசக் கஷாய வரிசையில் எனக்குக் கிடைத்தது. எனக்கு முன்னால் அஞ்சலாட்சி என்ற பெண், காய்ச்சலில் துவண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போவலியாம்மா?"

"எதுக்கு சார்? இதக் குடிச்சா போதும்னு பேப்பர்லயே போட்டுருக்கான்."

நானும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

2.
ஆய்வகத்தின் சன்னல் வழியே கடற்காற்று... (அடித்துவிட்டேன். அந்த ஆய்வகத்துக்குச் சன்னலே கிடையாது.)

மறுபடியும். பேராசிரியர் சக்கரபாணி பத்து வருஷமாகப் பிப்பெட்டைத் தொட்டவரில்லை. பத்திரிகைக்காரர்கள் படம் பிடிக்க வந்த அன்று, கஷாயம் கலந்த செல் தட்டுகளைத் தானே தயார் செய்தார். கஷாயம் இல்லாத தட்டுகளை மாணவி கனீஸ் பாத்திமா செய்தாள். அவள் தட்டுகளில் பன்றிக் காய்ச்சல் வைரஸ் பெருகியது, அவருடையதில் இல்லை. உடனே தலைப்புச் செய்தி.

(இங்கே கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வைரஸ் செல்லின் மேல் ஒட்டிக்கொண்டால் மட்டும் போதாது. அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை நம் உடம்பின் நொதி ஒன்று வெட்டிக் கொடுத்தால்தான் உள்ளே நுழையும். வீட்டுக்காரனே திருடனுக்குத் தாழ்ப்பாளை நீக்கிவிடுகிற மாதிரி. ஆய்வகச் செல்களிடம் அந்த நொதி போதாது. டிரிப்சின் என்ற நொதியை நாம்தான் ஊற்ற வேண்டும்.)

3.
"சார், உங்க தட்டுல டிரிப்சின் ஊத்துனீங்களா?"

சக்கரபாணியின் கேமராச் சிரிப்பு நின்றது.

"போட்டோ புடிக்கிற அவசரத்துல... அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? அறிக்கையில கையெழுத்துப் போடு. உன் தீஸிஸும் என் மேசை மேலதான் கெடக்கு."

அறிக்கையில் அவர், அவள் இரண்டு பேர் கையெழுத்தும் விழுந்தால்தான் கஷாயம் ஊருக்குப் போகும்.

4.
பாத்திமாவை நல்லவளாக எழுதுவதா என்று இரண்டு நாள் குழம்பினேன்.

முடிவு அ: மறுக்கிறாள். டிரிப்சின் ஊற்றி மறுபடி செய்து பார்க்கிறாள். கஷாயத் தட்டிலும் வைரஸ் கொழிக்கிறது. கைதட்டுங்கள்.

முடிவு ஆ: கையெழுத்துப் போடுகிறாள். (அழுதுகொண்டே போட்டாள் என்று எழுதினால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். அதற்காகவே எழுதவில்லை.)

பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்ல ஆசைதான். ஆனால் வரிசையில் நின்று குடித்ததை முதலிலேயே உளறிவிட்டேனே.

மிச்சம் ஒரு வாக்கியம்தான். நான்காம் நாள் அஞ்சலாட்சியின் மகள்...

(நீங்களே முடித்துவிடுங்கள். அன்று வரிசையில் டம்ளரைக் கண்டு அந்தக் குழந்தை வாயை இறுக மூடிக்கொண்டது. தாடையைப் பிடித்துத் திறந்துவிட்டது நான்தான்.)